பரு போனது, குழி நின்றது: பிளஸ் ஒன் மாணவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

வயது 16. பிளஸ் ஒன், பயோ மேத்ஸ். தென் மாவட்டத்துச் சிறுநகரம். அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வடக்கே லோடு போய்விடுவார். அம்மா வீட்டிலேயே தையல். அக்கா நர்சிங் படிக்கிறாள். தம்பியைத் தோல் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தது அவள்தான். பையனும் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொரோனா ஓய்ந்து எல்லோரும் முகக்கவசத்தைத் தூக்கிப் போட்டு வெகு நாளான பிறகும் இவன் போட்டுக்கொண்டே இருந்தான். வகுப்பில், பஸ்ஸில், டியூஷனில். யாராவது கேட்டால் டஸ்ட் அலர்ஜி என்று ஒரு பதில் தயாராக இருந்தது. மதியச் சாப்பாட்டைப் பெரும்பாலும் திறப்பதே இல்லை. டிபன் பாக்ஸ் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். வாலிபால் டீமிலிருந்து விலகிவிட்டான். முடிவெட்டக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, அக்கா வீட்டில் இருக்கும் நாளில் அவளையே வெட்டச் சொன்னான். சலூன் நாற்காலியில் அரை மணி நேரம் கண்ணாடியைப் பார்த்து உட்கார வேண்டும், கடைக்காரரும் சும்மா இருக்க மாட்டார், "தம்பி, மூஞ்சிக்கு என்ன போடுதே?" என்பார்.

முதல் நாள் வந்தபோது பேசியதெல்லாம் அம்மாதான். "நைட்டெல்லாம் போன் பாக்கான் சார், அந்தச் சூடுதான். தண்ணியே குடிக்க மாட்டான். கிள்ளாத கிள்ளாதன்னு சொன்னாலும் கேக்க மாட்டான்." பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவசத்தைக் கழற்றச் சொன்னபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கழற்றினான்.

பரிசோதனையில் கண்டது

இரண்டு கன்னம், தாடை ஓரம், நெஞ்சு, மேல்முதுகு எங்கும் ஆழமான முடிச்சுகள். சில இடங்களில் பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் தோலுக்கடியில் ஒன்றோடொன்று சேர்ந்து சீழ் கட்டியிருந்தன. முகப்பருவை நாம் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறோம். கரும்புள்ளி, வெண்புள்ளி மட்டும் இருந்தால் முதல் நிலை. முடிச்சும் கட்டியும் வந்துவிட்டால் நான்காவது. இவனுக்கு நான்காவது. கன்னத்தில் ஏற்கெனவே குழிகள் விழுந்திருந்தன. வலது தோளில் ஒரு தழும்பு தடித்து மேடாகியிருந்தது, அது கீலாய்டு. இதுபோக ஒரே அளவில், ஒரே மாதிரி, சிவப்பாகப் பொரிப்பொரியாக ஒரு கூட்டம் நெற்றியிலும் கன்னத்திலும். அதைப் பார்த்ததுமே எந்த க்ரீம் போட்டாய் என்றுதான் கேட்கத் தோன்றும்.

கேட்டேன். பதில் சொல்ல அம்மாவும் தயங்கினார்.

எட்டாம் வகுப்பில் ஆரம்பித்திருக்கிறது. வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும் என்று விட்டிருக்கிறார்கள். பிறகு வழக்கமான வரிசை: கடலை மாவு, கற்றாழை, வேப்பிலை அரைத்துப் பூசுவது, எலுமிச்சைச் சாறு, ராத்திரியில் டூத்பேஸ்ட். மாம்பழமும் கோழிக்கறியும் நிறுத்தப்பட்டன. வயிறு சுத்தமாக வேண்டும் என்று விளக்கெண்ணெய். ஒன்பதாம் வகுப்பில் ஒரு கிளினிக்கில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடும்வரை குறையும், நிறுத்தினால் திரும்பும் என்று விட்டு விட்டு ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. இந்த வகை மாத்திரையைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் இழுப்பதில் பலன் குறைவு, கிருமிக்கு மருந்து பழகிப்போகும் ஆபத்துதான் அதிகம்.

அப்புறம் மாமா ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டதும் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லோரும் என்ன தேய்க்கிறாய் என்று கேட்டார்களாம். அந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் பையன் நிமிர்ந்தான். ட்யூபில் இருந்தது குளோபெட்டசால், வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் உடனே அடக்கும், நிறத்தையும் கொஞ்சம் வெளுக்கவைக்கும். கூடவே தோலை மெலிய வைத்து, தானே புதிய பருக்களை உண்டாக்கும். நிறுத்தினால் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில், பத்து ரூபாய் மிட்டாய்போல இன்னமும் கவுண்டரில் கிடைக்கிறது என்பது தென் மாவட்டத் தோல் மருத்துவர் யாரைக் கேட்டாலும் தெரியும்.

தனியாகப் பேசியபோது

அம்மாவையும் அக்காவையும் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். பதின்வயதினரைப் பார்க்கும்போது இதை யாருக்கும் விடுவதில்லை. அம்மாவுக்கு முகம் மாறியது, ஆனாலும் போனார்.

கொஞ்ச நேரம் வாலிபாலைப் பற்றிப் பேசினோம். பிறகு அவனாகவே கேட்டான்: "சார், கைப்பழக்கத்தால இப்படி வருமா?" இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேதான் இருந்தேன். பருவோடு வரும் பையன்களில் பலர் இதை மனதுக்குள் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். சுவர் விளம்பரங்களும் டிவியில் ராத்திரி வரும் வைத்தியர்களும் விதைத்த பயம் இது. சம்பந்தமே இல்லை என்று அழுத்தமாகச் சொன்னேன். எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரஜன் ஹார்மோனுக்கு வேலை செய்கின்றன, பருவ வயதில் அது எல்லோருக்கும் ஏறும், சிலருடைய சுரப்பிகள் அதிகமாகப் பதில் கொடுக்கும், துளை அடைபடும், உள்ளே கிருமி பெருகும், உடம்பு அதோடு சண்டை போடும். அந்தச் சண்டையில் அழிவதுதான் குழியாக நிற்கிறது. "அப்போ நான் செஞ்சதால வரலையா?" என்று மறுபடி கேட்டான். இரண்டு வருடமாகத் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருந்தவன் கேட்கிற கேள்வி அது.

வகுப்பில் அவனுக்கு 'ஜல்லி ரோடு' என்று பட்டப்பெயர். வைத்தவன் நெருங்கிய சிநேகிதன், கேலிக்காகத்தான். வாட்ஸாப் குரூப்பில் ஸ்டிக்கர்கூட இருந்திருக்கிறது. வீட்டில் அப்பா, "ஆம்பளப் பயலுக்கு எதுக்குலே மூஞ்சி" என்பதோடு முடித்துவிடுவாராம். பெண் பிள்ளைக்குப் பரு வந்தால் கல்யாணக் கவலையில் வீடே கூடிவிடுகிறது, அது வேறொரு கொடுமை. பையனுக்கு வந்தால் வலிப்பதாகச் சொல்லக்கூட அவனுக்கு உரிமை கிடையாது.

சிறுவர்களின் தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. மொத்தம் 30 மதிப்பெண், 19ஐத் தொட்டாலே மிகக் கடுமையான பாதிப்பு. இவனுக்கு 22 வந்தது. மனச்சோர்வுக்கான கேள்வித்தாளில் மிதமான அளவு. அதன் கடைசிக் கேள்வியைத் தாளில் டிக் அடிக்க விடாமல் நேரில் கேட்டேன்: சாகலாம் என்று தோன்றியிருக்கிறதா? "இருந்து என்னத்துக்குன்னு சில நேரம் தோணும் சார். ஆனா எதுவும் பண்ணணும்னு நெனச்சதில்ல." கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டபின் அவன் தோள்கள் தளர்ந்ததைத்தான் பார்த்தேன்.

இதை வீட்டில் சொல்லியாக வேண்டும் என்று அவனிடமே சொல்லி, எப்படிச் சொல்வது என்று சேர்ந்து முடிவு செய்தோம். அம்மா அழுதார். அன்றே மனநலப் பிரிவு மருத்துவரிடம் அனுப்பினேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அவன் போனிலும் அக்கா போனிலும் பதியவைத்தோம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவர் அப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வாராவாரம் பேசுவோம் என்றார்.

மருந்து தொடங்கியது

முடிச்சும் தழும்பும் வந்துவிட்ட பிறகு களிம்பை மாற்றி மாற்றிப் பார்ப்பது தழும்புக்கு நேரம் கொடுப்பதாகும். ஐசோட்ரெடினாயின் என்று முடிவு செய்தோம். அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்ற மருந்து. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்கிவிடுவதில் இதற்கு இணை இன்னும் வரவில்லை. எடை 54 கிலோ. இவ்வளவு வீக்கம் உள்ள முகத்தில் முழு அளவில் ஆரம்பித்தால் பரு வெடித்துப் பெருகும் என்பதால், முதல் மாதம் தினம் 10 மி.கி., அதோடு சில வாரங்களுக்கு வாய்வழி ஸ்டீராய்டு குறைந்த அளவில், படிப்படியாக நிறுத்தும்படி. பிறகு 20 மி.கி. மொத்தத்தில் கிலோவுக்கு 120 மி.கி. சேரும்வரை என்று கணக்கு. அதாவது ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. ஈரல் சோதனை, கொழுப்புச் சோதனை தொடக்கத்திலும் இடையிலும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, எண்ணெயோ பாலோ சேர்ந்த சாப்பாட்டோடு போட வேண்டும். எண்ணெய்ப் பலகாரத்தால்தான் பரு என்று நம்பியிருந்த அம்மாவுக்கு இது பெரிய அதிர்ச்சி. பழைய டாக்சிசைக்ளினைக் கையால்கூடத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் ஏறக்கூடும்.

களிம்பு எதுவும் அப்போதைக்கு இல்லை. மைல்டான ஃபேஸ்வாஷ், உதட்டுக்கு வாசலின், முகத்துக்கு எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு முடிச்சு பெரிதாக வலித்தால் பிதுக்காமல் நேரே வந்துவிடு, ஊசியில் கரைத்துவிடலாம் என்றேன்.

மூன்றாவது வாரம் முகம் இன்னும் மோசமானது. ஸ்டீராய்டு க்ரீமை நிறுத்தியதன் எதிர்விளைவும் புது மாத்திரையின் ஆரம்பச் சீற்றமும் ஒன்றாக வந்தன. இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லித் தேதி வாரியாக எழுதியும் கொடுத்திருந்தோம். இருந்தும் மாமா குறுக்கே வந்தார். இணையத்தில் படித்தாராம், இந்த மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பிறக்காதாம். அரைகுறை உண்மை இப்படித்தான் வீட்டுக்குள் வரும். கர்ப்பிணி சாப்பிட்டால் கருவுக்குக் கடுமையான ஊனம் வரும் என்பது உண்மை; அதனால்தான் பெண்களுக்குக் கர்ப்பச் சோதனை செய்து, மருந்து நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆணின் பிள்ளைபெறும் திறனை இது கெடுப்பதில்லை. மாமாவையே வரவழைத்து விளக்கினேன். அவர் கெட்டவர் இல்லை, மருமகன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். மீதி ட்யூபைக் குப்பையில் போட்டதும் அவர்தான்.

மாத்திரையால் மனச்சோர்வு வருமா என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கிறது, சிலருக்கு மனநிலை மாறலாம், அதனால்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறோம். ஆனால் ஸ்வீடனில் இந்த மருந்து எடுத்த 5,756 பேரைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். தற்கொலை முயற்சிகள் மருந்து தொடங்குவதற்கு முன்பே ஏற ஆரம்பித்துவிட்டிருந்தன. உச்சத்தைத் தொட்டது மருந்து முடிந்த ஆறு மாதத்துக்குள். முகம் தெளிந்துகொண்டிருக்கும் காலத்தில் ஏன் அப்படி? கடுமையான பருவே ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் அந்த ஆய்வாளர்கள். முகம் தெளிந்தும் வாழ்க்கை மாறவில்லையே என்ற ஏமாற்றமும் இருக்கலாம் என்றார்கள். இந்தப் பையன் விஷயத்தில் இரண்டாவதுதான் நடந்தது.

வீட்டிலும் பள்ளியிலும்

அம்மாவிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: மகன் முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்லதாகவும் கூடாது. "இன்னிக்குக் கொஞ்சம் பரவால்லையே" என்பதும் அவனைக் கண்ணாடிக்குத்தான் அனுப்பும். இது அவருக்கு மாத்திரையைவிடக் கஷ்டமாக இருந்தது. விருந்தாளிகள் வந்து ஆரம்பித்தால் பேச்சை மாற்றும் பொறுப்பு அக்காவுக்கு.

போன் கேமராவில் நாளுக்குப் பத்துத் தடவை முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவனிடம் பார்க்காதே என்பதில் பிரயோஜனம் இல்லை. மாதத்துக்கு ஒரு படம், மருத்துவமனையில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், நாங்கள் எடுப்போம். ஒப்பிடுவது அதை வைத்து மட்டும் என்று ஒப்பந்தம். கிள்ளும் பழக்கத்துக்கு, அது எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார் மனநல மருத்துவர். படிக்கும்போது, கணக்கு வராத இடத்தில். அந்த நேரத்தில் கையில் பிடிக்க ஒரு ஸ்மைலி பந்து.

கவசத்தை ஒரேயடியாகக் கழற்றச் சொல்லவில்லை. அவனே படிகளை எழுதினான். முதலில் வீட்டு மொட்டை மாடி. அடுத்து தெருமுனைக் கடையில் பால் பாக்கெட். அதற்கடுத்து சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு சிநேகிதன் முன். சலூன் கடைசிப் படி. பொதுத்தேர்வுக்குப் போட்டோ எடுப்பது அதற்கும் மேலே. வியர்வையும் உராய்வும் பருவைக் கூட்டும் என்பதால் கவசம் மருத்துவரீதியிலும் வேண்டாதது என்று சொன்னது அவனுக்கு ஒரு சாக்காக உதவியது. யாராவது கேட்டால் சொல்ல ஒரே வரி: "டாக்டர்ட்ட காட்டிட்டு இருக்கேன்." அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பள்ளிக்கு நான் போகவில்லை. வகுப்பாசிரியரிடம் அக்கா பேசினாள். அவர் வகுப்பில் அறிவுரை எதுவும் சொல்லாமல், ஸ்டிக்கர் செய்த மாணவனை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். காலைக் கூட்டத்தில் நிறுத்தி 'உருவக் கேலி செய்யாதீர்கள்' என்று பேசியிருந்தால் இவன் அன்றோடு பள்ளிக்குப் போவதை விட்டிருப்பான். அப்பா மட்டும் கடைசிவரை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆனால் ஒரு லோடு முடிந்து வந்தவர், ஒன்றும் பேசாமல் மகனுக்கு ஒரு வாலிபால் வாங்கிவந்து வைத்தாராம்.

பருக்கள் நின்ற பிறகு

எட்டாம் மாதம் புதுப் பரு வருவது நின்றது. எங்கள் படங்களில் முன்னேற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பையனோ மறுபடி டிபன் பாக்ஸைத் திறக்காமல் கொண்டுவர ஆரம்பித்தான்.

"பரு இருந்தப்போ என்னைக்காவது போயிடும்னு இருந்துச்சு சார். இப்போ போயிடுச்சு. குழி அப்படியே இருக்கே."

பரு நின்றுவிட்டது, இனி ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிடத் தோன்றும் கட்டம் இது. நாங்கள் வருகையை அதிகமாக்கினோம். மனநல மருத்துவர் மாதம் ஒருமுறையை மீண்டும் வாராவாரம் ஆக்கினார். சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனிக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லிவைத்தோம்.

அன்று முகத்தில் இருப்பதைக் கையில் கண்ணாடி கொடுத்தே பிரித்துக் காட்டினேன். கருமையும் சிவப்பும் கறைகள். நம் நிறத்துத் தோலில் அவை நீண்ட நாள் நிற்கும், ஆனால் மாதக்கணக்கில் மங்கும், சன்ஸ்க்ரீனும் அடாபலீன் களிம்பும் உதவும். குழிகள் வேறு. ஊசி குத்தினதுபோல் குறுகி ஆழமாக இருப்பவை ஒரு வகை, அகலமாகக் கறாரான விளிம்போடு இருப்பவை ஒரு வகை, அலைபோல் இறங்கி ஏறுபவை இன்னொன்று. குறுகிய குழிகளுக்குள் அடர்ந்த டிசிஏ அமிலத்தைப் புள்ளிப் புள்ளியாக வைக்கலாம். அலைக்குழிகளுக்கு அடியில் ஊசியைச் செலுத்தி, தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்துவிடலாம். அதோடு மைக்ரோநீட்லிங், அதாவது நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தித் தூண்டுவது. எல்லாவற்றுக்கும் பல அமர்வுகள் வேண்டும்.

"லேசர் வச்சா வழவழன்னு ஆயிடுமா சார்?" என்றார் அம்மா. ஆகாது. நன்றாக வேலை செய்தால் குழிகள் ஆழம் குறையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுவது குறையும். பரு வந்ததே தெரியாத முகம் திரும்பாது. நம் தோலில் லேசரின் சூடு புதிய கருமையைக் கொண்டுவரவும் செய்யும், அதனால் இவனுக்கு அதை முதலில் எடுக்கவில்லை. நகரத்து விளம்பரப் பலகைகளில் இருக்கும் முன்-பின் படங்களை நம்பி நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களில் பல, விளக்கை இடம் மாற்றி வைத்து எடுத்தவை.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எவ்ளோ குறையும்னு சொல்லாதீங்க, எத்தன தடவ வரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிறகு தொடங்கலாம் என்று அவனே தள்ளிவைத்தான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிகிச்சைக்குப் பிறகு சில நாள் முகம் சிவந்து வீங்கும், மாதிரித் தேர்வுக்கு நடுவில் அது தேவையில்லை.

இப்போதைய நிலை

பொதுத்தேர்வுக்கான போட்டோவைக் கவசமில்லாமல் எடுத்துக்கொண்டான். ஸ்டூடியோக்காரர் கேட்காமலே குழிகளை அழித்துக் கொடுத்ததில் கோபம், திருப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறான். இப்போது பாலிடெக்னிக்கில் டிப்ளமா. ஊசியால் நார் அறுக்கும் சிகிச்சை, மைக்ரோநீட்லிங் இரண்டும் சேர்த்து சில அமர்வுகள் முடிந்திருக்கின்றன. வலது கன்னம் நன்றாகத் தேறியிருக்கிறது, இடது கன்னம் அவ்வளவு இல்லை. மேற்கொண்டு போதும் என்று அவனே நிறுத்தியிருக்கிறான். பஸ்ஸில் மட்டும் இன்னும் கவசம் போடுகிறான். மனநல மருத்துவர் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மனச்சோர்வு மதிப்பெண் இயல்பு நிலையில் இருக்கிறது. வயது தாண்டிவிட்டதால் வாழ்க்கைத் தரத்தைப் பெரியவர்கள் படிவத்தில் அளக்கிறோம், கடைசியாக வந்தது 5, அது சிறு பாதிப்பு.

இரவில் அடாபலீன் தொடர்கிறது. ஆழமான முடிச்சு ஒன்றே ஒன்று வந்தாலும் இரண்டு வாரத்துக்குள் வரச் சொல்லியிருக்கிறேன். தோளில் இருக்கும் கீலாய்டுக்கு மாதம் ஒரு ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. தட்டையாகிவருகிறது, அரிப்பும் நின்றுவிட்டது. வாலிபாலில் சர்வீஸ் போடும் கை அதுதான் என்பதால், முகத்தைவிட இதைத்தான் இப்போது அடிக்கடி கேட்கிறான்.